தாடிக்காரர் சொன்ன தக்காளி

கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் என்பது அவருடைய சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். குழம்பில் சுருண்டு கிடக்கும் தக்காளித் தோலைக்கூட விரல் நுனியால் கிள்ளியெடுத்து, தட்டின் விளிம்பில் வட்டமாக அடுக்கி வைப்பார். தக்காளி இதயத்துக்கு நல்லது, அதிலுள்ள பொட்டாசியம் உங்கள் ரத்த அழுத்தத்துக்கு வேண்டியது என்று மனைவி பத்தொன்பது வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அவள் ஒரு வாரப் பத்திரிகையில் உதவியாசிரியர். நீண்ட தாடியோடு ஒரு பெரியவரின் படம் போட்டு வரும் உடல்நலப் பக்கத்தை எழுதுவது அவள்தான். வீட்டில்கூட மூச்சுவிடக் கூடாது என்பது ஆசிரியரின் கண்டிப்பு. கணவரோ அந்தத் தாடிக்காரரின் பரம பக்தர். ஒருநாள் பிடிவாதம் தலைக்கேற, தான் இத்தனை வருடம் சொன்னதையே தாடிக்காரர் சொல்வதாக எழுதினாள். தக்காளியை எண்ணெயில் வதக்கினால் அதன் சிவப்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். வதக்காமல் தின்றால் வைட்டமின் சி வீணாகாது. வீட்டில் எல்லோரும் தினம் ஒன்று சாப்பிடலாம் என்று முடித்தாள்.

பத்திரிகை வந்த மறுநாள் காலையில் அவர் தக்காளியைக் கடித்துத் தின்றார். ஜெயித்த சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மையால் வரைந்த தாடிக்கு இருக்கிற மரியாதை தன் வாய்க்கு இல்லையே என்று உள்ளே எங்கோ சுருக்கென்றது.

அதோடு விட்டாரா? இன்னொரு தக்காளியை நறுக்கி அவள் முன்னால் நகர்த்தினார். அந்தக் கொழகொழ விதை நாக்கில் பட்டாலே அவளுக்குக் குமட்டும். ஒரு வாரம் ஏதேதோ சாக்குச் சொல்லித் தப்பித்தாள். பிறகு, பிடிக்காதவர்களை வற்புறுத்த வேண்டாம் என்று அடுத்த இதழில் எழுதினாள்.

அதைப் படித்து அவர் சிரித்தார். "பாவம் தாடிக்காரர், அவரோட வீட்டுக்காரம்மா பக்கத்துல நின்னு எழுத வெச்சிருக்கு."

அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அந்தத் தாடிக்காரர் நான்தாங்க."

"நீயா? பத்தொன்பது வருஷமா எனக்குத்தான் சொல்றே. நீ ஒரு துண்டு தின்னு நான் பார்த்ததில்ல. அந்த மனுஷன் ருசிச்சு எழுதியிருக்காரு."

கவனிக்கவே மாட்டார் என்று நினைத்தவர் இதை மட்டும் கவனித்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டாள். முகம் கோணிற்று.

அவருக்கே பரிதாபமாகப் போய்விட்டது. உப்பு டப்பாவைத் திறந்தார். "இதைத் தொட்டுக்கோ, உள்ள இறங்கிடும். தாடிக்காரர் இதைச் சொல்ல மறந்துட்டாரு."

"மறக்கல," என்றாள், பாதி விழுங்கியபடி. "படிக்கிறவங்கள்ல உங்களை மாதிரி ரத்த அழுத்தக்காரங்க நிறைய. உப்புன்னு ஒரு வார்த்தை எழுதினா டப்பாவையே காலி பண்ணிடுவீங்க. அதான் விட்டுட்டேன்."

அவர் கை டப்பாவிலேயே நின்றது. அவளையும் பத்திரிகைப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, உப்பு டப்பாவை இறுக்கி மூடினார்.