மூன்றாம் ஓலை

…நீலச் சேலைதான், தூணுக்கு இந்தப் பக்கம், பெண்கள் வரிசையில், குனிந்த தலை நிமிரவில்லை, எப்படி நிமிரும், நான் செத்துவிட்டேன் என்று ஜெபம் பண்ணி முடித்துவிட்டு என் தம்பி சத்தியநேசனுக்குக் கழுத்தை நீட்டப் போகிறவள் அல்லவா ஏசம்மாள்… 'காணவில்லை' என்றுதானே தந்தி வந்தது, காணாமல் போனவனும் செத்தவனும் ஒன்றா? சண்டைக்குப் போகுமுன் இதே ஸ்ரீவில்லிபுத்தூர் வேதக்கோவிலில் எனக்கும் அவளுக்கும் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தார்கள், மூன்றாவது வாசிப்பதற்குள் பட்டாளம் கூப்பிட்டுவிட்டது. இன்று அந்த மூன்றாவது ஓலை தம்பி பெயரில். வாசித்து முடித்ததும் தடை தெரிந்தவர்கள் உண்டா என்று பாதிரி ஐயர் கேட்பார், கேட்கட்டும், எனக்குத் தெரியும், சபை நடுவிலேயே சொல்கிறேன்…

தெரியும்! இந்த ஒரு சொல்லால் இத்தாலிச் சிறை முகாமில் எவ்வளவு சிரிப்புக்கு ஆளானேன்… காவலுக்கு நின்றவனுக்கு என் வயதுதான், ரொட்டி வேண்டுமென்றால் அவன் பாஷை பேச வேண்டும், ஊரில் பார்த்து வைத்திருக்கிற பெண்ணைத் தெரியுமா என்று கேட்டான், 'சொ' என்றேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் படுபாவி. ரயில் எத்தனை மணிக்கு என்று தெரிந்தால்தான் 'சொ'வாம், ஆளைப் பழகித் தெரிந்தால் 'கொனோஸ்கோ'வாம். பார்ப்பதற்கும் இரண்டு, சும்மா கண்ணில் பட்டால் ஒன்று, உற்றுப் பார்த்தால் வேறு, கேட்பதற்கும் அப்படியே. போடா, எங்களுக்கு ஒரு தெரியும் போதும் என்று தமிழிலேயே திட்டினேன். எனக்கா அவளைத் தெரியாது? ராஜபாளையம் மில் கிளார்க் தேவஇரக்கத்தின் மூத்த மகள், வாத்திச்சி டிரெயினிங் முடித்தவள், இன்பம் என்று ஒரு தங்கை, செவத்த நிறம், நீள முடி, பெண் பார்க்கப் போன அன்று கதவோரம் கண்டேனே… இன்னும் என்ன வேண்டும்?

காலையில் அம்மா கல்யாணச் சமையலைப் பற்றிப் பேச்செடுத்ததும் தம்பி சொல்கிறான், "அவளுக்குக் கத்தரிக்கா ஆகாதும்மா, ஒடம்பெல்லாம் தடிச்சிரும்." எவ்வளவு சாதாரணமாக! எப்போதடா தெரிந்துகொண்டாய்? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "ஏலே ஞானதுரை, நீ திரும்பி வருவன்னு யாருலே கண்டா?" என்கிறாள் அம்மா. ஒருத்தருமா காணவில்லை, இந்த நீலச் சேலைகூடவா? வெட்கம் இருந்தால் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டாமா…

"தடை அறிந்தவர்கள் இப்போதே சொல்லக்கடவர்கள்." எழுந்துவிட்டேன். கோவில் முழுக்கத் திரும்புகிறது. நிமிரு, இப்போதாவது நிமிரு… நிமிர்ந்தாள், மிரண்ட முகம், பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "சொல்லும் தம்பி," என்கிறார் ஐயர். வாயைத் திறக்கிறேன், அதற்குள் பக்கத்தில் இருந்த அவள், மூக்குக்கண்ணாடி போட்ட, மெலிந்து கறுத்த ஒருத்தி, எழுந்து நிற்கிறாள்.

"கைய விடுட்டி இன்பம்," என்கிறாள் நீலச் சேலையிடம். பிறகு என்னை நேராகப் பார்த்து, "அவிய சொல்லட்டும் ஐயரே. நானும் கேக்கேன்."

இதுதான் ஏசம்மாள் குரலா? அப்படியானால் இவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நான் முறைத்தது தங்கையையா… தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை, கண்ணாடிக்காரியையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். "என்ன தடை?" என்று மறுபடி கேட்கிறார் ஐயர், அவளும் காத்துக்கொண்டு நிற்கிறாள், நானும் நிற்கிறேன், திறந்த வாயோடு…