வால் முளைத்த சிவப்புப் புள்ளி

என் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பொய் சொல்வார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை, சும்மா கூலிங் கிளாஸ் பார்க்க வந்தேன் என்பார்கள். மட்டாஞ்சேரியில் பதினொரு வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அதற்கென்று படித்தவள், பரிசோதனையும் நானே செய்வேன். சுவரில் இருக்கும் விலைப்பட்டியலைப் படிக்க ஒருவர் கண்ணைச் சுருக்கினாலே எனக்கு விஷயம் புரிந்துவிடும், புரிந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் மாட்டேன். இந்த வாய்க்குப் பயந்துதான் என் கணவர் சலாவுதீன் கடையை என்னிடம் விட்டுவிட்டு அக்கரையில் பிராட்வே கடைத்தெருவில் ஃப்ரேம் மொத்த வியாபாரத்துக்குப் போய்விட்டார் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை.

இசக்கிசெல்வியும் கூலிங் கிளாஸ்தான் கேட்டாள். ஒரு சனிக்கிழமை மதியம், சுடிதார் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். முதுகு மட்டும் அணிவகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்திருந்தது. பலகையில் மலையாளத்துக்குக் கீழே தமிழ் எழுத்தைப் பார்த்துத்தான் உள்ளே வந்ததாகச் சொன்னாள். நாங்குநேரிப் பக்கம் ஊர், வயது இருபத்தெட்டு. துறைமுகத்தைக் காவல் காக்கும் படையில் வேலை, துறைமுகத் தீவில் குவார்ட்டர்ஸ். கூலிங் கிளாஸை வலது கண்ணுக்கு மட்டும் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அந்தக் கண்ணில் என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள்.

"நீ இரி, முதல்ல ஒரு சாயா குடி. பொய் அப்புறம் சொல்லலாம்" என்றேன்.

சாயா பாதி குடிப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். படைக்குள் துப்பாக்கி சுடும் போட்டி வருகிறது. இவர்கள் பிரிவிலிருந்து நான்கு பேர் போவார்கள், வியாழக்கிழமை தேர்வு. இதுவரை அந்த அணியில் ஒரு பெண்கூட போனதில்லை. சுடுவது செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு, அடுத்த குண்டு தானாக ஏறிக்கொள்ளும். பழைய இரும்புக் குறிமுனையில் இவள் நன்றாகச் சுடுகிறவள். இந்த வருடம் புதிதாகக் குறிபார்க்கும் சைட் மாட்டியிருக்கிறார்கள். சின்னக் கண்ணாடி ஜன்னல் ஒன்று, அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளியை இலக்கின்மேல் வைத்துச் சுட வேண்டியதுதான். எல்லாருக்கும் அதில் மதிப்பெண் ஏறியது, இவளுக்கு இறங்கியது. சைட்டில்தான் கோளாறு என்று ஆயுத அறையைப் பார்த்துக்கொள்ளும் அபிராம் என்பவரிடம் சொல்லி இரண்டு முறை மாற்றியும் பார்த்துவிட்டாள். அணியில் மூத்தவர் சங்கிலிப்பாண்டி, பெண்பிள்ளைக்குக் கை நடுங்குகிறது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"எனக்குக் கை நடுங்காதுக்கா" என்றாள். அதைச் சொல்லும்போது சாயா கிளாஸைப் பிடித்திருந்த கையைத்தான் இருவரும் பார்த்தோம். அசையவில்லை.

எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. கடை விளக்கை எல்லாம் அணைத்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். மூலையில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அதில் கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று எரியும். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அதைப் பார்க்கச் சொன்னேன்.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "இதுக்கும் வால் இருக்குக்கா. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, சாஞ்சாப்ல. நம்ம சைட்ல தெரியுத அதே வால்" என்றாள். மற்றக் கண்ணால் பார்த்தாள். உருண்டையான புள்ளி. திரும்பவும் வலது கண். வால்.

சோதனை ஃப்ரேமை மாட்டி, வலது கண்ணில் ஒரு திசையில் மட்டும் வளைந்த சிலிண்டர் லென்ஸ் ஒன்றைப் போட்டு, கோணத்தைத் திருப்பிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் அவள் மூச்சை நிறுத்தினாள். வால் போய்விட்டது. இந்தக் கண்ணின் முன்பக்க வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை, அதனால் ஒளிப்புள்ளி ஒரு பக்கமாக இழுபடுகிறது, ஊரில் பாதிப் பேருக்கு உண்டு என்று விளக்கினேன். அவள் எதையும் காதில் வாங்கவில்லை.

"அப்ப என் கை இல்லையாக்கா?"

"கை இல்ல செல்வி. கண்ணு."

அழுதுவிட்டாள். அதைப் பார்க்க முடியாமல்தான் திட்ட ஆரம்பித்தேன். வருடா வருடம் படையில் கண் பார்ப்பார்களே, அப்போது இது எப்படித் தப்பியது என்று கேட்டேன். சொல்ல மறுத்து, பிறகு சொன்னாள். பரிசோதனை அட்டைக்குப் பக்கத்திலேயே வரிசை நிற்குமாம். முன்னால் நிற்கிற இருபது பேர் உரக்கப் படித்து முடிப்பதற்குள் அத்தனை எழுத்தும் மனப்பாடம் ஆகிவிடுமாம். கண்ணில் பவர் என்று எழுதிவிட்டால் துப்பாக்கியைப் பிடுங்கி ஆபீஸில் ஃபைல் தூக்க விட்டுவிடுவார்கள் என்று பயந்து, நான்கு வருடமாக ஒப்பித்தே தேறியிருக்கிறாள். படிப்பில் இந்த உழைப்பைக் காட்டியிருந்தால் கலெக்டர் ஆகியிருப்பாய் என்றேன்.

ஞாயிறன்று சலாவுதீனை விரட்டி பிராட்வேயிலிருந்து லேசான ஃப்ரேம் ஒன்று எடுத்துவரச் சொல்லி, லென்ஸை வெட்டி மாட்டிக் கொடுத்தேன். காரியம் முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கள் மாலை அவள் கடைக்குள் வந்த வேகத்தில் கண்ணாடி ஸ்டாண்ட் ஆடியது. நின்று சுட்டபோது எல்லாம் சரி, புள்ளி உருண்டையாகத் தெரிந்திருக்கிறது. படுத்துச் சுடும்போது வால் திரும்பிவிட்டது. சங்கிலிப்பாண்டி கை நடுக்கத்தோடு கண்ணாடியையும் சேர்த்துக்கொண்டு கிண்டல் செய்திருக்கிறார்.

நம்பாமல், என் குடையைக் கொடுத்து கடைத் தரையில் படுத்துக் காட்டச் சொன்னேன். ஃப்ரேம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கல்யாண ஜோடி சத்தமில்லாமல் வெளியே போனது. செல்வி படுத்தாள், குடைக்கம்பில் கன்னத்தைப் பதித்தாள். குனிந்து பார்த்ததும் எனக்கு முகம் சுட்டது. படுத்த நிலையில் அவள் பார்வை லென்ஸின் மேல் விளிம்பு வழியாக, ஃப்ரேமை ஒட்டிப் போயிற்று. நான் அவளை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து அளவெடுத்திருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு யார் சுடுவார்கள்? பதினொரு வருட அனுபவம் தரையில் கிடந்தது.

சரியான ஃப்ரேம் வரவழைத்து, லென்ஸின் மையத்தை உயர்த்தி வெட்ட ஒரு வாரம் ஆகும். தேர்வுக்கு மூன்றே நாள். அந்த சிவப்புப் புள்ளியை விட்டால் வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். ஆயுத அறையில் மூன்று வகை சைட் உண்டு, எதை மாட்டுவது என்பது சுடுகிறவர் விருப்பம். இரண்டாவது, நீளமான ஸ்கோப். இருநூறு மீட்டரில் பிரமாதம். ஆனால் போட்டியில் பாதிக் குண்டு முப்பது மீட்டரில், நொடிக் கணக்கில் சுட வேண்டியது. அவ்வளவு கிட்டத்தில் அந்த ஸ்கோப்பில் இலக்கைத் தேடுவதற்குள் நேரம் போய்விடும். மூன்றாவதை யாருமே தொடுவதில்லை. குட்டையாக, தடியாக, கனமாக இருக்கும், பிரிசம் சைட் என்று பெயர். கண்ணைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பின்னால் ஒரு வளையத்தைத் திருக வேண்டும். அதில் குறி வெளிச்சம் இல்லை, கண்ணாடியிலேயே கீறிய கருப்புக் கோடு. பேட்டரி செத்தாலும் கோடு இருக்கும்.

கண்ணாடியில் கீறிய கோடு என்றதும் நான் யோசித்தேன். ஒளிப்புள்ளி என்றால் இந்தக் கண் இழுத்துப் பரப்பிவிடும். கீறிய கோடு அவ்வளவு பரவாது, அந்த வளையம் ஓரளவு தெளிவும் கொடுக்கும். ஆனால் நான் அதன் வழியாகப் பார்த்தவள் இல்லை. ஏற்கெனவே ஒருமுறை அவளைக் கவிழ்த்தவள் வேறு. அதனால், எல்லாரும் எடுக்கிற சைட்டையே வைத்துக்கொள், புள்ளியின் வெளிச்சத்தைக் குறைத்துப் பார், கண்ணாடியைப் பட்டி போட்டுத் தூக்கிக் கட்டித் தருகிறேன் என்றேன்.

செல்வி தரையிலிருந்து எழவில்லை. குடைக்கம்பின் நுனியை இன்வெர்ட்டர் விளக்கை நோக்கித் திருப்பினாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள்.

"வெளக்குக்குத்தான் வால் இருக்கு. கம்பு நுனிக்கு இல்ல" என்றாள். "நான் கோட்டையே எடுத்துக்கிடுதேன்க்கா."

"சரியா வரல்லைன்னா?"

"அப்ப கோட்டை வச்சுத் தோத்துட்டுப் போறேன். வாலை வச்சுத் தோக்க மாட்டேன்."

தோற்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் அன்று ஒரு குடைக்கம்பிடம் தோற்றதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

மறுநாள் காலை அவள் செய்த முதல் வேலையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. என் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு நேராக இன்ஸ்பெக்டர் வெங்கிடராமனிடம் போய், நான்கு வருடமாக எழுத்துகளை ஒப்பித்துத் தேறியதை ஒப்புக்கொண்டாள். அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கடைசியில் அவர் விதிப்புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் போட்டிருக்கிறார். அவள் வேலைக்கு அந்த அளவு பவர் இருக்கலாம், கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்று தெளிவாக எழுதியிருந்ததாம். நான்கு வருடப் பயத்துக்கு நான்கு வரியில் பதில். அன்றிலிருந்து பரிசோதனை வரிசை அறைக்கு வெளியே நிற்கிறது.

செவ்வாயும் புதனும் பிரிசம் சைட்டோடு மல்லுக்கட்டினாள். கன்னம் வைக்கும் இடத்தை இரண்டு விரல் முன்னுக்குத் தள்ளினாள். கிட்டத்து இலக்குக்கு இரண்டு கண்ணையும் திறந்துவைத்துப் பழகினாள். வியாழன் மாலை போனில் பேசினாள். நாலாவது இடம், ஐந்தாவது ஆளைவிட இரண்டே மதிப்பெண் கூட, ஆனால் அணியில் இருக்கிறாள். நான் கடையில் கத்திய கத்தலில் பக்கத்து மசாலாக் கடைக்காரர் ஓடிவந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு விருந்தினர் சீட்டு அனுப்பியிருந்தாள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, மகள் லமியாவையும் இழுத்துக்கொண்டு போனேன். எட்டுப் பிரிவுகள், முப்பத்திரண்டு பேர். ஒருவருக்கு இருபது குண்டு, மொத்தம் இருநூறு மதிப்பெண். சங்கிலிப்பாண்டி நன்றாகத்தான் சுட்டார், நூற்று எழுபத்தாறு. மற்ற இருவரும் அவருக்குக் கொஞ்சம் கீழே. செல்வியின் முறை வந்தபோது எங்கள் அணி மூன்றாவது இடத்தில் நின்றது. அவள் துப்பாக்கியின் மேலிருந்த தடித்த சைட்டைக் காட்டி வேறு பிரிவுக்காரர் ஒருவர் சிரித்தார். அவர் முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

முப்பது மீட்டரில் பத்துக் குண்டு. அவள் நின்றாள், சுட்டாள், நகர்ந்தாள், சுட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, சத்தம் ஒரே சீராக வந்தது மட்டும் தெரிந்தது. தொண்ணூற்றொன்று. பிறகு இருநூறு மீட்டர். படுத்தாள். கன்னம் பதிந்தது. என் கடைத் தரையில் பார்த்த அதே படுக்கை. அவள் கண்ணுக்கும் இலக்குக்கும் நடுவில் இப்போது எந்த வாலும் இல்லை என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. லமியா என்னைத் தெரியாதவள்போல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

பத்துக் குண்டும் முடிந்து, ஒலிபெருக்கியில் தொண்ணூற்றேழு என்றார்கள். மொத்தம் நூற்று எண்பத்தெட்டு. அன்றைக்கு அந்தத் திடலில் அதைத் தாண்டியவர் யாருமில்லை. தனிப் பரிசு இசக்கிசெல்விக்கு, கோப்பை எங்கள் பிரிவுக்கு. ஆம், எங்கள் பிரிவு என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சிரித்த அந்த வேறு பிரிவுக்காரரைத் தேடிப் போய் நல்லா இருக்கீங்களா என்றும் விசாரித்துவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை செல்வி கடைக்கு வந்தாள். பின்னால் அடர்ந்த மீசையோடு ஒருவர் தயங்கித் தயங்கி ஏறினார். சங்கிலிப்பாண்டி. கூலிங் கிளாஸ் பார்க்க வந்ததாகச் சொன்னார்.

நான் நேராகப் போய் விளக்கை அணைத்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மூலையில் எரிந்த சிவப்பு விளக்கையே பார்த்தார். கண்ணைச் சுருக்கினார், அதிலேயே எனக்கு விடை கிடைத்துவிட்டது.

"எத்தனை வாலு சார்?" என்று கேட்டேன்.

"மூணு இருக்கும் போலம்மா" என்றார், குரலே எழும்பாமல்.

சோதனை ஃப்ரேமை எடுத்துக்கொண்டு அவர் அருகில் போனேன். நாற்காலியின் கைப்பிடியில் இருந்த அவர் கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. செல்வி குனிந்து அதன்மேல் தன் கையை வைத்தாள்.

"பயப்படாதீய சார்" என்றாள். "கை இல்ல. கண்ணுதான்."