கூரையிலிருந்து புறப்பட்டவர்

முதல் சர்வதேசச் சறுக்குவண்டிப் பந்தயத்தில் ஜெயித்த அன்செல்ம், அதற்குப் பதினோரு நாள் முன்பே இறந்துபோயிருந்தார். பெஸோர்னில் ஜனவரி மாதம் குழி தோண்ட முடியாது, மண் இரும்பாகிக் கிடக்கும். அதனால் இறந்தவர்களைத் துணியில் சுற்றிக் கூரைப் பனிக்குள் வைத்திருந்து, வசந்தத்தில் அடக்கம் செய்வார்கள். அன்றைக்கு நல்ல பலகை அகப்படாததால், அவர் மனைவி ஃபிலோமென் மலையிலிருந்து வைக்கோல் இறக்கும் சறுக்குவண்டியிலேயே அவரைக் கிடத்திவிட்டார்கள். தப்பு அங்கேதான் நடந்தது. பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தெற்கிலிருந்து சூடான காற்று வீசிப் பனியை இளக்க, அன்செல்ம் புறப்பட்டார். தேவாலயத்தைச் சுற்றினார், சுங்கக் கம்பத்துக்கு அடியில் புகுந்து பிரான்ஸ் எல்லையைக் கடந்தார், கீழே ஸ்விட்சர்லாந்தின் க்ரிமோ ஊரில் நடந்துகொண்டிருந்த பந்தயத்தில் நுழைந்து பதினான்கு இளவட்டங்களை முந்தினார். பரிசான பசுமணியை அவர் கழுத்தில் கட்டினார்கள். வேற்று நாட்டார் கலந்துகொண்டதால் பந்தயம் சர்வதேசம் ஆனது.

ஃபிலோமென் மூச்சிரைக்க இறங்கி வந்தாள். க்ரிமோவின் ஊர்த்தலைவர் தியோதூல் தொப்பியைக் கழற்றினார்.

"அக்கா, ஜெயிச்சவர் எங்க கல்லறையில படுக்கணும்னு சட்டம். பெரிய மரியாதை அது."

"உசிரோட இருந்தப்ப பூசைக்குக்கூட கடைசியாத்தான் வருவாரு. இப்ப என்ன அவசரமாம்?" என்றாள். பிறகு அவர்மேல் விலகியிருந்த துணியை இழுத்து மூடினாள். "நாப்பது வருஷம் என் முதுகை ஒட்டிப் படுத்த மனுஷன்யா. தனியாப் படுத்தா குளிரும் அவருக்கு."

"அப்போ ஜெயிச்சுக் கூட்டிட்டுப் போங்க," என்றார் தியோதூல் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு ஒரு வாரம்தான் நிலைத்தது.

அடுத்த ஞாயிறு மறுபடி நடந்த பந்தயத்துக்கு அதே வண்டியில் அவள் ஏறினாள். வைக்கோல் இறக்கும்போது குதிகாலை ஊன்றி வேகத்தைக் குறைப்பதுதான் முப்பது வருடப் பழக்கம். அன்று இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். சுங்கக் கம்பத்துக்கு மேலே பறந்தவள், அவிழ்ந்த தலைத்துணியை ஆகாயத்திலேயே நிதானமாகக் கட்டி, முடிச்சு சரியில்லை என்று மறுபடியும் கட்டினாள். சுங்க அதிகாரி அண்ணாந்து சல்யூட் அடித்தார். இறங்கிய இடத்தில் அவளுக்குப் பின்னால் யாரும் கண்ணுக்கே தெரியவில்லை.

அன்செல்ம் வீடு திரும்பினார். ஏப்ரலில் அடக்கம் செய்தார்கள், பக்கத்தில் ஓராள் இடம் விட்டு. அதற்கடுத்த குளிர்காலங்களில் இத்தாலிக்காரர்கள் வந்தார்கள், நார்வேக்காரர்கள் தங்கள் கருவாட்டோடு வந்தார்கள். வருடாவருடம் ஃபிலோமென்தான் அந்தப் பசுமணியை ஆட்டிப் பந்தயத்தைத் தொடங்கி வைப்பாள்.

பத்தொன்பதாவது ஆண்டு, பந்தயத்துக்கு நாலு நாள் இருக்கையில் அவள் இறந்தாள். கூரையில் கிடத்தும்போது இந்த முறை யாரும் பலகை தேடவில்லை. வண்டியில் வைத்து, கழுத்தில் மணியையும் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மேலேயிருந்து மணிச்சத்தம் கேட்டது. வண்டியில் இரண்டு பேர் ஒருவர் முதுகை ஒருவர் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள், நாலு குதிகாலும் அந்தரத்தில். நடுவர்கள் நேரத்தைக் குறித்து, இருவர் பிரிவு, முதலிடம் என்று எழுதினார்கள். அதுவரை அப்படி ஒரு பிரிவு இருந்ததில்லை. மறுவருடத்துக்குப் பதினோரு ஜோடிகள் பெயர் கொடுத்தார்கள்.