வலப்பக்கத்துப் பெயர்

க்ளூன்பெக்கில் கூரையில்லாத பழைய தேவாலயம் ஒன்று உண்டு. அதன் நான்கு சுவர்களுக்குள் இன்னும் ஒரே ஒரு குழிக்குத்தான் இடம் பாக்கி. அந்த இடத்துக்கு இப்போது இரண்டு பேர். ஒருவர் மலாக்கி ஃபாலனின் மனைவி டிலியா; திங்கட்கிழமை கண்ணை மூடியவர். இன்னொருவர் ஜார்லத் மோக்ளர். நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சாவுக்குக் காத்திருப்பவர்.

சுவருக்குள்ளே மோக்ளர்கள் மட்டும்தான் என்பது மோக்ளர்கள் போட்ட சட்டம். முந்நூறு வருஷத்துக்கும் முன்னால் ஆங்கிலேயத் தளபதி குரோம்வெல்லின் படை வந்து பிடுங்கும்வரை இந்த ஊர் நிலமெல்லாம் எங்களுடையது என்பார்கள். சதுப்பு நிலத்து ஓரம் மாடு வைத்துப் பிழைக்கும் ஃபாலன்களுக்கு வெளியே புல்தரை போதுமாம். இந்தத் திமிரை யார் கேட்பது? மலாக்கி கேட்டுவிட்டார். எங்கள் ஆட்களும் உள்ளே பெயர் வெட்டாத கற்களுக்கு அடியில் கிடக்கிறார்கள் என்று பாதிரியாரிடம் போய் நின்றார். பாதிரியார் நழுவப் பார்த்தார். படை வருவதற்கு முன்னால் நிலம் யாருடையதோ அவர்களுக்கே இடம், ஆதாரம் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஜார்லத் அசரவில்லை. அவருடைய பெரியப்பா ஒருவர் டப்ளினில் பழைய நில அளவைப் புத்தகத்தைப் பார்த்து, 'ஜான் மோக்ளர், க்ளூன்பெக்' என்று எழுதிக்கொண்டுவந்த தாள் வீட்டில் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தது. தங்கை அட்ராக்டாவைக் கூப்பிட்டார்.

"நம்ம பேருதான் புத்தகத்துல இருக்கே. போய் முழுப் பக்கத்தையும் முத்திரையோட வாங்கிட்டு வா. அந்த மலாக்கி வாயை அடைக்கணும்."

அட்ராக்டா மறுநாளே ரயிலேறினாள். ஆவணக் காப்பகத்தில் அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்தார்கள். இடப்பக்கம், படை வருவதற்கு முன் நிலம் வைத்திருந்தவர்கள். வலப்பக்கம், பிடுங்கிய நிலத்தைப் பிறகு யாருக்குக் கொடுத்தார்கள் என்பது. ஜான் மோக்ளர் இருக்கத்தான் செய்தார், வலப்பக்கத்தில். அவருக்கு நேர் எதிரே இடப்பக்கத்தில் இருந்த பெயர் தேய்க் ஃபாலன்.

அட்ராக்டா அந்த வரியை மறுபடி படித்தாள். விடாமல் இன்னொரு பதிவையும் கேட்டு வாங்கிப் பார்த்தாள். மோக்ளர்கள் கிழக்கே டிப்பரரி என்ற பகுதியிலிருந்து வந்தவர்கள். அங்கே குரோம்வெல்லின் ஆட்கள் அவர்கள் நிலத்தைப் பறித்து, ஷானன் ஆற்றுக்கு மேற்கே போ என்று விரட்டியிருக்கிறார்கள். அப்படி க்ளூன்பெக்குக்கு வந்தவர்களுக்கு ஃபாலன்களின் நிலத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

திரும்பும் ரயிலில், முத்திரை போட்ட நகல் தாள் அவள் மடியில் கிடந்தது. நடுவே மடித்து இடப்பக்கத்தை மறைத்தால் போதும், அண்ணன் நிம்மதியாகச் சாவார். பாதிரியார் தோண்டித் துருவப் போவதில்லை. பெரியப்பாவும் இதைத்தான் செய்தாரா, இல்லை இடது வலது தெரியாமல் எழுதினாரா? எப்படியிருந்தாலும் இத்தனை காலம் பக்கத்து வீட்டுக்காரர்களை வந்தேறிகளைப்போல நடத்தியது அவளும்தான். வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் தாளை மடிக்காமல் ஜார்லத்தின் கையில் கொடுத்துவிட்டாள். அவர் கண்ணாடி போட்டு, கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். இதை வேறு யாருக்காவது காட்டினாயா என்று கேட்டார். இல்லை என்றாள்.

மறுநாள் காலையில், வண்டியை எடு, கல்லறைக்குப் போகணும் என்றார்.

அந்த வட்டாரத்தில் செத்த வீட்டார் குழி வெட்டுவதில்லை. அக்கம்பக்கத்தார்தான் வெட்ட வேண்டும். மண்வெட்டியோடு வந்த ஆட்கள், உள்ளேயா வெளியேயா என்று தெரியாமல் வாசலில் நின்றிருந்தார்கள். மலாக்கி கறுப்புக் கோட்டில் தனியாக நின்றார். ஜார்லத் தங்கையின் தோளைப் பிடித்து இறங்கி, மூச்சிரைக்க நடந்துபோய், தாளை அவரிடம் நீட்டினார்.

"இடப்பக்கம் பாரு. உங்க ஆளு. நாங்கதான் பின்னால வந்தவங்க."

மலாக்கி நிதானமாகப் படித்தார். முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

"எங்க அப்பாவை எடுத்துட்டு வந்தப்ப, இதே வாசல்ல நீதான் குறுக்க நின்ன."

"நின்னேன்" என்றார் ஜார்லத். "டிலியாவை உள்ள வை. எனக்கு வெளியில ஒரு இடம் கொடு, போதும்."

காலம் காலமாக இடம் கொடுக்க மறுத்த குடும்பம் அது. இன்றைக்கு அண்ணன் வாயாலேயே இடம் கேட்டதை அட்ராக்டா பக்கத்தில் நின்று கேட்டாள். மலாக்கி தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆட்களை உள்ளே போகச் சொன்னார். பிறகு ஜார்லத்தைப் பார்த்தார்.

"உனக்குக் குழி வெட்ட நான் வருவேன், ஜார்லத். எங்கேன்னு மட்டும் இன்னைக்குக் கேக்காத."

ஜார்லத் கேட்கவில்லை. உள்ளே மண்வெட்டிச் சத்தம் கேட்கத் தொடங்கும்வரை நின்றுவிட்டு, வண்டிக்குத் திரும்பினார்.