செம்மண்ணில் ஒரு தடம்

ஒரு காலத்தில் தேசிய அணிக்கு டென்னிஸ் ஆடியவன் நான். இப்போது கோச். அதாவது பிள்ளைகளுக்குப் பந்து போட்டு, பெற்றவர்களுக்கு ஜால்ரா போடுகிறவன்.

சின்னப் பிள்ளைகளின் போட்டியில் நடுவர் கிடையாது. தன் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று அவரவரே சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால், செம்மண் தரையில் பந்து பதிந்த தடத்தைக் காட்ட வேண்டும்.

நேற்று இறுதி ஆட்டம். எதிராளிப் பெண் அடித்த கடைசிப் பந்து கோட்டின் மேலேயே விழுந்தது. என் மாணவி "அவுட்" என்றாள். அந்தப் பெண் வலையைச் சுற்றி வந்து பார்ப்பதற்குள், இவள் தடத்தை ஷூவால் தேய்த்துவிட்டாள். கோப்பையும் வாங்கிவிட்டாள்.

நேராக என் மாணவியின் அப்பாவிடம் போய், "பந்து உள்ளதான் சார் விழுந்துச்சு. கோப்பையத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டினார். "நானும்தான் பாத்தேன் கோச். அடிக்க நீங்க சொல்லிக் குடுத்தீங்க, ஜெயிக்க நான் சொல்லிக் குடுத்தேன்."

"இனிமே அவள இங்க கூட்டிட்டு வராதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று காலை மைதானத்து வாசலில் புது பேனர். கோப்பையோடு அவள், பக்கத்தில், பழைய தேசிய அணிச் சீருடையில் இளித்தபடி நான். கிழிக்கப் போனேன். அதன் அடியில் நேற்றுத் தோற்ற பெண்ணும் அவள் அம்மாவும் காத்திருந்தார்கள்.

"காலால தேச்சத நானும் பாத்தேன் சார்" என்றாள் அம்மா. "இவளுக்கும் அதச் சொல்லிக் குடுங்க."