மூணு வயசு ஸ்டிக்கர்

கிடங்குல அவ வேலை ரொம்பச் சுளுவு. கப்பல்ல வந்து இறங்குற பொம்மைப் பெட்டியைப் பிரிச்சு, அட்டையில இருக்கற புரியாத எழுத்துக்கு மேல நம்ம எழுத்து ஸ்டிக்கரை ஒட்டி அடுக்கணும். அவ்வளவுதான்.

அன்னிக்கு வந்தது கிலுகிலுப்பை. ஒட்டச் சொன்ன ஸ்டிக்கர்ல ‘மூன்று வயதுக்கு மேல் மட்டும்’னு இருந்துச்சு. அட்டைப் படத்துலயோ பல்லே முளைக்காத குழந்தை அதை வாயில வச்சுச் சிரிக்குது. மூணு வயசுப் புள்ள கிலுகிலுப்பையை வச்சு என்ன பண்ணும்? அடுத்தவன் மண்டையில போடும்.

சூப்பர்வைசர்கிட்டப் போனா. "அண்ணே, ஸ்டிக்கர் மாறி வந்துருச்சு போல."

"மாறியெல்லாம் வரலம்மா. ஒட்டு."

"அப்ப இது கைக்குழந்தைக்கு ஆகாதா?"

"ஆகாதுன்னு யாரு சொன்னா?"

"அப்ப ஆகுமா?"

"அதையும் யாரும் சொல்லல. கைக்குழந்தைக்குன்னு போட்டா அதுக்குன்னு தனி டெஸ்ட் இருக்கு. செஞ்ச நாட்டுலயும் பண்ணல, இங்கயும் பண்ணல. மூணு வயசுன்னு போட்டா நம்ம தலை தப்பும். போ, போ."

கேக்கறதுக்கு முன்னாடி இருந்த குழப்பமே தேவலாம்போல இருந்துச்சு. இருந்தாலும் ஒட்டுனா. வேலையாச்சே.

கொஞ்ச நாள் கழிச்சு வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள காலை வைக்கிறா, கிலுகிலுன்னு சத்தம். அண்ணன் குழந்தை மெத்தையில மல்லாந்துகிட்டு அதே கிலுகிலுப்பையைத்தான் சப்புது. செருப்பைக்கூடக் கழட்டாம ஓடிப்போய்ப் பிடுங்கிட்டா. குழந்தை வீடு அதிரக் கத்துச்சு.

அடுப்படியில இருந்து அண்ணி ஓடி வந்தா. "என்னாச்சு? பூச்சி கீச்சி கடிச்சிருச்சா?"

"இல்ல அண்ணி, இது மூணு வயசுக்கு மேலதான்."

"அட, நானும் பாத்தேன். கிலுகிலுப்பை மூணு வயசுக்காம்! எந்த அறிவாளி ஒட்டுச்சோன்னு சிரிச்சுக்கிட்டேதான் வாங்கிட்டு வந்தேன்."

"நான்தான் ஒட்டுனேன்."

அண்ணி சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. உள்ள இருந்து அண்ணன் வந்தான். "அதுல என்ன, விஷம் இருக்கா? உடையுமா?"

"தெரியாதுண்ணே."

"தெரியாமத்தான் ஊருக்கெல்லாம் அனுப்புறீங்களா?"

அவ கிலுகிலுப்பையை முறுக்கிப் பாத்தா, இழுத்துப் பாத்தா, நகத்தால சுரண்டிப் பாத்தா. அசையல, பெயிண்டும் உதிரல. நல்ல சாமான்தானோ? நல்ல சாமானுக்கு டெஸ்ட் பண்ண என்ன பயம்?

"குடுக்கறதுன்னா குடு, குப்பையில போடறதுன்னா போடு. புள்ள மூச்சு முட்டுது பாரு," அண்ணன் கத்துனான்.

குடுக்க மனசு வரல. குப்பையில போட்டா, தான் ஒட்டி அனுப்புன மத்ததெல்லாம்? அதுங்க எந்தெந்த வீட்டுல எந்தக் குழந்தை வாயில இருக்கோ, யாரு போய்ப் பிடுங்குறது?

ரெண்டும் செய்யத் தோணாம, குழந்தைக்கு எட்டாத உயரத்துல பிடிச்சு ஆட்டுனா. அழுகை நின்னுச்சு. கையை நீட்டிக்கிட்டு அது சிரிக்குது. அவளுக்குக் கை கடுக்க ஆரம்பிச்சுது. நிறுத்துனா ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணியாகணும்.

ஆட்டிக்கிட்டே நின்னா.