தையல் தெரியக் கூடாது

மஞ்சள் சுடிதாரில் மேலே எழும்பி நீலக் கவுனில் கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான் காட்சி. மஞ்சளில் எழும்பியது வரைக்கும் ஒரு குறையும் இல்லை. நீலத்தில் இறங்கிய மறு நொடி என் பாதத்துக்கு அடியில் டொக் டொக் டொக் என்று தரை இடித்தது. கீழே வீட்டுக்காரம்மா ஒட்டடைக் குச்சியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு தன் கூரையை, அதாவது என் தரையை, குத்துகிறார். நான் ஃபோனை நிறுத்துவதற்குள் படியேறி வந்து வாசலில் நின்றுவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதற்காகப் பேச்சைத் தள்ளிப்போடுகிறவர் இல்லை அவர்.

"ஏம்மா, கீழ மனுஷங்க குடியிருக்காங்கன்னு நெனப்பு இருக்கா இல்லையா? காலைலேர்ந்து தொம்மு தொம்முன்னு. அவரால நிம்மதியா பேப்பர் படிக்க முடியல. ஃபேன் ஆடுது."

"இன்னும் ஒரே ஒரு தடவக்கா."

"அரை தடவ கூட வேணாம். குதிக்கணும்னா குதிக்கிற மாதிரி வேற வீடா பாத்துக்க."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கட்டிக்கொண்டவரையும் வீட்டுக்காரர் என்கிறோம், வாடகை வாங்குகிறவரையும் வீட்டுக்காரர் என்கிறோம். இரண்டு பேருக்குமே நம்மை அதட்ட உரிமை இருக்கிறது என்று நினைத்து அப்படி வைத்தார்களோ என்னவோ. என்னைக் கட்டிக்கொண்டவர் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தாலும், "அந்தம்மா சொல்றதுலயும் நியாயம் இருக்குல்ல" என்றுதான் சொல்லியிருப்பார். ஆகவே தனியாக உட்கார்ந்து, நீலக் கவுனோடு, கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் ஆத்திரப்பட்டேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு துணிக்கடையில். கவுன்ட்டரில் நின்று விரித்துக் காட்டுவது, மடித்து வைப்பது, மறுபடி விரித்துக் காட்டுவது. இந்த வீடியோ விஷயம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் கூட்டமில்லாத நேரத்தில், கடைத் துணியைப் போட்டுக்கொண்டு என் ஃபோனில் விளையாட்டாக ஒரு ரீல் எடுத்தேன். ஒரு உடுப்பில் எழும்புவதை எடுத்து நிறுத்திவிட வேண்டும். உடுப்பை மாற்றிக்கொண்டு, அதே இடத்தில், அதே கோணத்தில் எழும்பி இறங்குவதை எடுக்க வேண்டும். இரண்டையும் நடுவில் ஒட்டினால் அந்தரத்திலேயே துணி மாறியது போல் இருக்கும். அடுத்த வாரம் அந்த உடுப்பைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அதிலிருந்து முதலாளியம்மா புதுத்துணி வரும்போதெல்லாம், "நீ அந்தக் குதிக்கிறத ஒண்ணு எடுத்துடு" என்று சொல்ல ஆரம்பித்தார்.

முதலாளியம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. கடைக்குள் வருகிற எந்தத் துணியாக இருந்தாலும், வெளிப்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். உள்ளே திருப்பித் தையலைத்தான் முதலில் பார்ப்பார். வீடியோவையும் அப்படித்தான் பார்த்தார். உடுப்பு மாறுகிற இடம் வந்ததும் கண்ணைச் சுருக்கிக்கொள்வார். ஒட்டிய இடத்தில் என் தலை ஒரு விரல்கடை தள்ளியிருந்தாலும் போதும், "தையல் தெரியுது" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நாளாக ஆக எனக்கும் அதுவே வார்த்தையாகிவிட்டது. வீட்டில் கட்டிக்கொண்டவரிடமே, "தையல் தெரியுதா பாருங்க" என்றுதான் கேட்பேன். இவர் என் கையில் இருக்கும் ஃபோனை விட்டுவிட்டுத் தன் சட்டையின் அக்குளைத் தூக்கிப் பார்ப்பார்.

போன வாரம் கடைக்கு ஒரு ஸ்டுடியோக்காரர் வந்து போனார். தோளில் பெரிய பை, பைக்குள் விளக்கு. அவர் போனதும் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். "சீசன் துணி மொத்தமும் வருது. திங்கக்கிழமை காலைல அவரு ஒண்ணு எடுத்துட்டு வராரு. நீயும் ஒண்ணு கொண்டா. யாரோடது நல்லாருக்கோ, இனிமே எல்லாமே அவங்கதான்." அவர் நல்ல மனுஷி. முகத்துக்கு நேரே சொன்னார். ஆனால் எனக்கு அந்த வேலை வேண்டும். சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? கபகபவென்று பசிக்கிறபோது சோறு வேண்டும் என்று தோன்றுமே, அப்படி வேண்டும். நான் கண்டுபிடித்துக் கொண்டுவந்ததை இன்னொருவர் விளக்கோடு வந்து தூக்கிக்கொண்டு போவதை, கவுன்ட்டரில் நின்று துணி மடித்துக்கொண்டே பார்க்க என்னால் ஆகாது. கடையிலிருந்து ஐந்து உடுப்புகளை வாங்கி வந்திருந்தேன். விலைச்சீட்டுகளை உள்ளே மடித்து ஊசி குத்தி வைத்திருந்தேன். வியர்வை படாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லாம் தயாராக இருந்தது, குதிக்க மட்டும் கூடாது.

குதிக்காமல் எப்படி மாற்றுவது? கையால் கேமராவை மூடித் திறந்து பார்த்தேன். ஊரே செய்கிறது அதை. நின்ற இடத்தில் சுழன்று பார்த்தேன், பாவாடை மின்விசிறியில் மாட்டாத குறை. எதிலும் உயிர் இல்லை. போதாக்குறைக்கு வெளியே மொட்டைமாடியிலிருந்து, "சனியன் புடிச்ச காத்து" என்று வீட்டுக்காரம்மாவின் குரல் கேட்டது.

எங்கள் போர்ஷன் கதவைத் திறந்தால் மொட்டைமாடிதான். கொடியிலிருந்து எடுத்த பெரிய வெள்ளைப் பெட்ஷீட்டோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு முனையைப் பிடித்தால் இன்னொரு முனை நழுவித் தரையில் புரண்டது. என்னைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பெட்ஷீட் மறுபடியும் நழுவியது. ரோஷத்தையும் பெட்ஷீட்டையும் சேர்த்துப் பிடிக்க இரண்டு கை போதவில்லை.

"சும்மா நிக்கறதுக்கு அந்த முனையப் புடியேன்" என்றார்.

பிடித்தேன். இரண்டு பேரும் பின்னால் நகர்ந்து இழுத்துக்கொண்டோம். சுருக்கம் போக அவர் ஒரு உதறு உதறினார். பெட்ஷீட் எங்கள் நடுவே குப்பென்று எழும்பியது. எதிரே இருந்த வீட்டுக்காரம்மா மொத்தமாகக் காணாமல் போனார். வெறும் வெள்ளை. இரண்டு ஓரத்திலும் என் கைகள் மட்டும். பிறகு வெள்ளை இறங்கியது, வீட்டுக்காரம்மா திரும்ப வந்தார். எனக்குப் பிடரி சிலிர்த்துவிட்டது.

"அக்கா, இன்னொரு தடவ உதறுங்க."

"எதுக்கு?"

"உதறுங்களேன்."

உதறினார். காணாமல் போனார், வந்தார். நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவருக்கு லேசாகப் பயம் வந்திருக்க வேண்டும். விஷயத்தைச் சொன்னேன். ஸ்டுடியோக்காரரைச் சொன்னேன், திங்கட்கிழமையைச் சொன்னேன், குதிக்கவே மாட்டேன் என்று சொன்னேன். கடைசியாகச் சொன்னதுதான் வேலை செய்தது.

"நான் என்ன பண்ணணும்?"

"முனைய விடாம நிக்கணும். அவ்ளோதான்."

ஃபோன் ஸ்டாண்டை அவர் வயிற்றுக்கு முன்னால் நிறுத்தினேன். அதற்கு இரண்டு பக்கமும் கைகளை நீட்டி அவர் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டார். ஃபோனில் பார்த்தால் ஓரங்களில் அவருடைய கைகள், நடுவில் நீண்டு போகிற வெள்ளை, அந்தக் கடைசியில் நான். பார்க்கிறவர்களே என்னோடு பெட்ஷீட் மடிப்பது போல் இருந்தது. நான் என் பக்கத்திலிருந்து உதறினால் வெள்ளை திரையை நிறைத்துவிடும். அந்த நொடியில் வெட்டி, அடுத்த உடுப்பில் எடுத்ததை ஒட்டிவிடலாம். நான் ஒரு விரல்கடை தள்ளி நின்றாலும் கேட்பாரில்லை. ஆனால் அவருடைய கைகள் கடுகளவும் அசையக் கூடாது. தையல் முழுக்க அந்தக் கைகளில்தான் இருந்தது. நான் உடுப்பு மாற்றப் போகும்போது என் பக்கத்து முனைகளை எனக்குப் பின்னால் போட்டிருந்த நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டுப் போவேன். அவர் அப்படியே நிற்க வேண்டும்.

நின்றார். நான் மஞ்சளிலிருந்து நீலத்துக்குப் போய் வரும்வரை நின்றார். நீலத்திலிருந்து பச்சைப் பாவாடைக்குப் போய் வரும்வரை நின்றார். மூக்கில் ஈ உட்கார்ந்ததை ஊதித் தள்ளினார். கீழேயிருந்து அவருடைய வீட்டுக்காரர், "டீ என்னாச்சு?" என்று குரல் கொடுத்தார்.

"கை வேலையா இருக்கு. நீங்களே போட்டுக் குடிங்க" என்றார் இவர், கழுத்தைக்கூடத் திருப்பாமல். கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு பாத்திரம் விழுந்தது. வீட்டுக்காரம்மா அசையவில்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பேன்ட் சட்டையும் முடிந்தது. மிச்சம் இருந்தது புடவை மட்டும். அதற்குள் தண்ணீர்த் தொட்டியின் நிழல் நாற்காலிக் காலைத் தொட்டுவிட்டது. அது மேலே ஏறினால் வெளிச்சம் மாறிவிடும், எடுத்ததெல்லாம் வீண். ஓடினேன். புடவை என்ன மாட்டிக்கொண்டு வருகிற சட்டையா? மடிப்பு நழுவுகிறது, ஊசி எங்கோ ஒளிந்துகொள்கிறது, முந்தானை ஒரு பக்கம் இழுக்கிறது. எப்படியோ சுற்றிச் சொருகிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து என் இடத்தில் நின்றேன்.

பெட்ஷீட் இல்லை. நாற்காலி மேல் இல்லை, எங்கள் நடுவிலும் இல்லை. ஃபோனுக்கு முன்னால் உயர்ந்திருந்த கைகளை வீட்டுக்காரம்மா அப்போதுதான் கீழே இறக்கினார். அவருடைய உள்ளங்கைகளில் அது நாலாக, எட்டாக, ஓரத்தோடு ஓரம் பொருந்தி, இஸ்திரி போட்டது மாதிரி சதுரமாக உட்கார்ந்திருந்தது.

"சும்மா நின்னு கை கடுத்துப்போச்சு. அதான் மடிச்சுட்டேன்" என்றார். "ஸ்டாண்ட மட்டும் தொடவேயில்ல. இந்தா."

நீட்டினார். விரித்த துணி கையில் இருந்தால் இந்த மனுஷியால் மடிக்காமல் இருக்க முடியாது. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிழல் நாற்காலியின் பாதிவரை வந்துவிட்டிருந்தது. மறுபடி எடுக்க நேரமில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் அந்தச் சதுரத்தை அவ்வளவு பெருமையாக நீட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்து அழுகையை இடித்துத் தள்ளிவிட்டது. நடந்துபோய், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் ஃபோனில் சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன். ஓடிய அவசரத்தில் நிறுத்தவே மறந்திருக்கிறேன். அது பாட்டுக்கு எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

நின்ற இடத்திலேயே இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். நாற்காலி வெறுமையாக இருக்கிறது. என்னைக் காணோம். இரண்டு கைகள் பெட்ஷீட்டை இழுத்துக்கொள்கின்றன, முனையோடு முனை சேர்க்கின்றன, தூக்கிப் பிடிக்கின்றன. திரை முழுக்க வெள்ளை. மடிய மடிய வெள்ளை சிறுக்கிறது, ஆனாலும் என் இடத்தை மறைத்தபடியே இருக்கிறது. கைகள் இறங்கினால், யாருமில்லாத இடத்தில் புடவையில் நான், வாயைப் பிளந்துகொண்டு. பிறகு அந்த வாய் சிரிக்கிறது, நடந்து வருகிறது, வாங்கிக்கொள்கிறது.

"நான் மடிக்கக் கூடாதா?" என்று மெதுவாகக் கேட்டார் வீட்டுக்காரம்மா.

"நீங்க மட்டுந்தான்க்கா மடிக்கணும்" என்றேன். குதிக்க மாட்டேன் என்று சொன்ன வாக்கை அங்கேயே மீறினேன். அவர் ஸ்டாண்டு விழாமல் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் அவரும் கடைக்கு வந்தார். துணி எடுக்க வேண்டுமாம். எந்தத் துணியையும் எடுக்காமல் கவுன்ட்டரில் சாய்ந்து நின்றார். சுவரில் இருந்த பெரிய திரையில் முதலில் ஸ்டுடியோக்காரருடையதைப் போட்டார்கள். நல்ல விளக்கு, ஒல்லியான பெண், குதித்துக் குதித்து மாறினாள். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. முதலாளியம்மா கண்ணைச் சுருக்கினார். "ரெண்டாவது தையல் தெரியுது" என்றார். பிறகு என்னுடையது ஓடியது. முடிந்ததும் அவர் கையால் காட்டினார், மறுபடி போட்டார்கள். மறுபடியும் காட்டினார். திரைக்கு அருகில் போய், கைகள் இருக்கிற ஓரத்தில் மூக்கு படும்படி நின்று பார்த்தார்.

"கடைசில எங்க வெட்டுன?"

"வெட்டவே இல்ல மேடம்."

ஸ்டுடியோக்காரர் எழுந்து வந்து என் ஃபோனைக் கேட்டு வாங்கி, மெதுவாக, அதைவிட மெதுவாக ஓட்டிப் பார்த்தார். அந்த ஆளுக்குத் தொழில் தெரியும். முகத்தில் சந்தேகம் போய் ஆசை வந்தது. "இல்ல மேடம்" என்றார். "இதுல வெட்டு இல்ல. எனக்கு எப்படின்னு சொல்லிக் கொடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க."

"அது நான் மடிச்சது" என்றார் வீட்டுக்காரம்மா கவுன்ட்டரிலிருந்து. கடைப் பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இரண்டு கைகளையும் ஜவுளி மாதிரி நீட்டிக் காட்டினார். "இதோ, இந்தக் கைதான்."

முதலாளியம்மா அந்தக் கைகளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சீசன் துணி நாளைக்கு வருது. மொத்தமும் நீதான். கவுன்ட்டருக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார், எனக்குக் காதில் விழவில்லை. ஜெயித்துவிட்டேன். உடம்பு முழுக்க அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. கடைக் கதவைத் திறந்துவிட்டார்கள். திரையில் வீடியோவை யாரும் நிறுத்தவில்லை.

முதல் ஆளாக ஒரு பெண் உள்ளே வந்தாள். கையில் பை, தோளில் குழந்தை. வந்த வேகத்தில் திரைக்கு முன்னால் நின்றுவிட்டாள். மஞ்சள் போயிற்று, நீலம் போயிற்று, பச்சை போயிற்று, பேன்ட் சட்டை போயிற்று. நாற்காலி வெறுமையாயிற்று. கைகள் மடிக்க ஆரம்பித்தன. அவள் பையைக் காலடியில் வைத்தாள். வெள்ளை சிறுத்து, சதுரமாகி, கைகளோடு கீழே இறங்கி, நான் நடந்து வந்தபோது, அவளும் தனக்கே தெரியாமல் அதை வாங்கிக்கொள்ள ஒரு கையைத் திரைப் பக்கம் நீட்டியிருந்தாள்.